மூடும் நிலைக்கு வந்த குழந்தைகள் பராமரிப்பு மையம்: எவ்வளவு திரட்டுவது, யாரிடம் கேட்பது

கேள்வி இதுதான்: பெற்றோர்களே குழு அமைத்து நடத்தும் பகல்நேரக் குழந்தைகள் பராமரிப்பு மையம் ஒன்று. 40 குழந்தைகளுக்கு இடம் இருக்கிறது, வருவது 26 பேர். இரண்டு மாத வாடகை பாக்கி, சம்பளமும் தள்ளிப்போகத் தொடங்கிவிட்டது. ஒரு கலைநிகழ்ச்சியும், கூடவே இணையத்தில் நன்கொடைத் திரட்டலும் நடத்தலாம் என்று நிர்வாகக் குழு யோசிக்கிறது. எவ்வளவு இலக்கு வைப்பது, எங்கிருந்து தொடங்குவது?

நிகழ்ச்சியைக் கொஞ்சம் ஒத்திப் போடுங்கள். மாதாமாதம் எவ்வளவு துண்டு விழுகிறது, எந்தக் காரணத்துக்கு எவ்வளவு என்று பிரித்துத் தெரியாமல் இலக்கு வைக்கவே முடியாது. பழைய பாக்கியை நன்கொடையால் ஒரே முறையில் தீர்த்துவிடலாம். மாதாமாதம் விழும் துண்டை அப்படித் தீர்க்க முடியாது. முதல் முறை மனமுவந்து கொடுத்தவர்கள், அடுத்த ஆண்டும் அதே வாசகத்தோடு போய் நின்றால் 'போன தடவை கொடுத்தது என்ன ஆயிற்று' என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். ஆகவே திரட்டும் பணத்தின் வேலை ஒன்றுதான்: காலியிடங்கள் நிரம்பும் வரை மையத்தைத் தாக்குப்பிடிக்க வைப்பது. அந்தக் காலத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தால்தான் இலக்குத் தொகை கணக்கில் வரும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு குழந்தையின் முழு மாதக் கட்டணத்தை 1 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாணயத்தில் அது எவ்வளவோ அதால் பிறகு பெருக்கிக்கொள்ளலாம். சம்பளம் 21 அலகு, வாடகை 5, மின்சாரம், காப்பீடு, பழுதுபார்ப்பு, கணக்கெழுத்து எல்லாம் சேர்த்து 3. குழந்தை வந்தாலும் வராவிட்டாலும் இந்த 29 போய்த்தான் தீரும். சாப்பாடு, சோப்பு, காகிதம் என்று குழந்தைக்கு 0.1 வீதம் 26 பேருக்கு 2.6. மொத்தச் செலவு 31.6.

வரவு எப்படி? 26 பேரில் 4 பேருக்குப் பாதிக் கட்டணச் சலுகை என்றால், கேட்க வேண்டிய தொகையே 24தான். அதில் கையில் வந்து சேர்வது 22. ஆக மாதத்துக்கு 9.6 துண்டு. இதை அப்படியே விட்டுவிட்டு நன்கொடையால் மூடுவது என்று இறங்கினால், ஆண்டுக்கு 115 அலகுக்கு மேல் வேண்டும். எந்தக் கலைநிகழ்ச்சியும் அதைத் தராது.

ஆனால் அந்த 9.6 மூன்று தனித்தனிச் சிக்கல்களின் கூட்டு. பாக்கி நிற்கும் கட்டணம் 2. சலுகைக்காக விட்டுக்கொடுப்பது 2. மீதி 5.6 காலியிடங்களால் வருவது. பாக்கியை வசூலிக்க வேண்டும். சலுகைக்கு நிரந்தர நன்கொடையாளர்கள் வேண்டும், ஏனென்றால் அது ஒவ்வொரு ஆண்டும் இருக்கும், இருக்கவும் வேண்டும். காலியிடத்தை நிரப்ப வேண்டும். இந்த மூன்றில் எதற்கு எந்தப் பணம் என்று பிரிக்காமல் 'மையத்தைக் காப்பாற்றுங்கள்' என்று பொதுவாகக் கேட்பதுதான் பெரும்பாலான திரட்டல்களில் நடக்கும் முதல் தவறு.

காலியிடக் கணக்கை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். புதிதாக ஒரு குழந்தை சேர்ந்தால் நிகரமாகக் கிடைப்பது 0.9. 5.6 துண்டை ஈடுகட்ட 7 குழந்தைகள் வேண்டும்; அதாவது மற்ற இரண்டு சிக்கலும் தீர்ந்து 33 பேர் வந்தால் வரவும் செலவும் நேராகி, சற்றே மிஞ்சும். 40 இடமும் நிரம்ப வேண்டியதில்லை என்பதே குழுவுக்குப் பெரிய நிம்மதியாக இருக்கும். இங்கே ஒரு கண்ணி உண்டு. இத்தனை குழந்தைகளுக்கு இத்தனை பணியாளர் என்ற விகிதம் வயதைப் பொறுத்து மாறும். உங்கள் ஊர் உரிம விதியில் அது எழுதப்பட்டிருக்கும். கைக்குழந்தைகள் 4 பேருக்கு ஒருவர் என்று விதி இருந்தால், 5ஆவது குழந்தை வரும்போதே இரண்டாவது பணியாளர் வந்துவிடுவார். 6, 7, 8ஆவது குழந்தைகளால் சம்பளச் செலவு கூடாது. 9ஆவது குழந்தை வந்தால் இன்னொரு சம்பளம். அதனால் மொத்தத்தில் எத்தனை இடம் காலி என்று பார்க்காமல், ஏற்கெனவே சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கும் எந்த அறையில் எத்தனை இடம் காலி என்று பாருங்கள். அந்த வயதுக் குழந்தைகளைத்தான் முதலில் தேட வேண்டும். ஆறு குழந்தைகள் புதிதாகச் சேர்ந்தும் நிலைமை மாறவில்லை என்று குழப்பமடையும் மையங்களில், சேர்ந்தவர்கள் தவறான அறைக்குச் சேர்ந்திருப்பார்கள்.

அடுத்தது 13 வாரப் பண ஓட்டத் தாள். மாத வரவு செலவுக் கணக்கு இந்த நேரத்தில் போதாது, ஏனென்றால் மையங்கள் மூடப்படுவது ஆண்டு நட்டத்தால் அல்ல. ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை சம்பளம் போடக் கையில் இல்லாததால். வாரத்துக்கு ஒரு பத்தி, மேலே தொடக்க இருப்பு, அடுத்து உறுதியாக வரும் வரவு, கீழே தேதி வாரியாகச் செலவு. வரும் என்று நம்பும் பணத்தை வேறு நிறத்தில் எழுதி, கூட்டலில் சேர்க்காதீர்கள். எந்த வாரத்தில் இருப்பு மிகவும் கீழே போகிறதோ, அந்த வாரத்துக்கு முன்பே பணம் வந்தாக வேண்டும். திரட்டலின் உண்மையான கெடு அதுதான்.

அந்தத் தாளிலேயே ஒரு சிவப்புக் கோடு போடுங்கள்: இன்று மூடினால் கொடுத்துத் தீர வேண்டிய தொகை. பணியாளர்களுக்கு அறிவிப்புக் காலச் சம்பளம், சேமநலத் தொகை, பெற்றோர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய முன்பணம், கட்டட ஒப்பந்தத்தில் உள்ள தொகை. முன்பணத்தில் பலரும் சறுக்குகிறார்கள். சேரும்போது ஒரு மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்கியிருந்தால், 26 குழந்தைகளுக்கு 26 அலகு உங்கள் மேல் கடன் நிற்கிறது. வங்கி இருப்பில் அது கலந்து கிடப்பதால் கைப்பணம் போலத் தெரியும். அதைத் தனிக் கணக்கில் வைக்காமல் செலவழித்துவிட்டால், மூடும் நாளில் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் பெற்றோர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். கடனைத் தீர்க்க வழியில்லை என்று தெரிந்தும் தொடர்ந்து நடத்தினால், பல நாடுகளில் உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையிலும் பொறுப்பாக நேரிடலாம். உங்கள் அமைப்பு சங்கமா, அறக்கட்டளையா, நிறுவனமா என்பதைப் பொறுத்து இது மாறும். ஒரு கணக்காளரிடமோ வழக்கறிஞரிடமோ ஒரு மணி நேரம் கேட்டுவிடுவது நல்லது.

சொல்லும் வரிசை முக்கியம். பலரும் கவனிக்காத ஆபத்து இங்கேதான் இருக்கிறது. 'மூடப்போகிறோம், உதவுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போனால், மறுநாளே பெற்றோர்கள் வேறு மையத்தில் இடம் தேடத் தொடங்குவார்கள். பணியாளர்கள் வேறு வேலை பார்ப்பார்கள். 26 பேர் 20 ஆகிவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். அதனால் முதலில் பணியாளர்களிடம் நேரில் சொல்லுங்கள், அதே நாள் மாலை பெற்றோர்களிடம், அதற்குப் பிறகே வெளியில். மூன்று இடத்திலும் ஒரே எண்களைச் சொல்லுங்கள்: எவ்வளவு துண்டு, எத்தனை குழந்தைகள் வந்தால் சரியாகும், எந்தத் தேதி வரை சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது. 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற ஆறுதலைவிட, 'இந்தப் பருவம் முடியும் வரை பணம் இருக்கிறது, அதற்குள் ஒரு முடிவு சொல்வோம்' என்ற தேதி பெற்றோரை நிறுத்திவைக்கும்.

சம்பளத்தைத் தள்ளிப்போடுவதை உடனே நிறுத்துங்கள். அது வட்டியில்லாக் கடன் போலத் தோன்றும். உண்மையில் அதுவே மிகவும் விலையுயர்ந்த கடன். தகுதிச் சான்றிதழ் உள்ள ஒருவர் நின்றுவிட்டால், விகிதம் குறைந்து ஓர் அறையையே மூட நேரும். அந்த அறையில் 8 குழந்தைகள் இருந்தால், அவர் சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரவு போய்விடும். வாடகை பாக்கிக்காகக் கட்டட உரிமையாளர் சில வாரம் பொறுப்பார். நல்ல பணியாளர் பொறுக்க மாட்டார், பொறுக்கச் சொல்வதும் முறையல்ல.

நன்கொடை கேட்பதற்கு முன் கையில் உள்ளதைப் பாருங்கள். நன்கொடையாளர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். கட்டண பாக்கியைப் பெற்றோர் பெற்றோராக எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமாகக் குழுவில் 'பாக்கி உள்ளவர்கள் செலுத்தவும்' என்று போட்டால், ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் மட்டுமே மனம் வருந்துவார்கள். பொருளாளர் தனியாக அழைத்து, பாக்கித் தொகையைச் சொல்லி, 'இந்த மாதத்திலிருந்து வழக்கமான கட்டணத்தோடு பாக்கியில் ஆறில் ஒரு பங்கு சேர்த்துத் தர முடியுமா' என்று கேட்டு, ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கட்டும். உண்மையிலேயே முடியாதவர்கள் என்றால், அவர்களைச் சலுகைப் பட்டியலுக்கு மாற்றுங்கள். வராத பணத்தை வரவாக எழுதிவைத்து ஏமாறுவதற்கு இது மேல். இனிமேல் கட்டணம் மாதத் தொடக்கத்தில் முன்கூட்டியே, பெற்றோரின் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுக்கும் முறையில். இது ஒன்றே பாக்கியில் பெரும்பகுதியைக் குறைக்கும்.

கட்டட உரிமையாளரிடம் 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்' என்று கேட்காதீர்கள். 12 மாதத்துக்கு வாடகையில் 1 அலகு குறைப்பு, பழைய பாக்கியை 10 தவணையாகக் கட்டுவது என்று எழுதிக்கொண்டு போங்கள். குழந்தைகளுக்கு ஏற்றபடி தாழ்வான கழிப்பறையும் பாதுகாப்புக் கதவும் அமைத்த கட்டடத்துக்கு வேறு வாடகைதாரர் கிடைப்பது எளிதல்ல என்பது அவருக்கும் தெரியும். அவர் விட்டுக்கொடுக்கும் 12 அலகு, திரட்டலில் வரக்கூடிய ஆகப்பெரிய நன்கொடைக்குச் சமம்.

கட்டணத்தை உயர்த்தலாமா என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். 5 சதவீதம் உயர்த்தினால் மாதம் 1.2 கூடும். அதன் காரணமாக ஒரு குழந்தை நின்றாலே கிட்டத்தட்ட எல்லாம் போய்விடும். இரண்டு நின்றால் பழைய நிலையைவிட மோசம். கட்டணம் பல ஆண்டுகளாக உயரவில்லை என்றால் உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் நெருக்கடிச் செய்தி சொல்லும் அதே மாதத்தில் வேண்டாம்.

தாமதமாகக் குழந்தையை அழைத்துப்போகிறவர்களுக்கு அபராதம் போட்டுப் பணம் பார்க்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். இஸ்ரேலின் ஹைஃபாவில் 10 பகல்நேர மையங்களில் இதைச் சோதித்து, யூரி நீசி, ஆல்டோ ரஸ்டிகினி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2000இல் முடிவை வெளியிட்டார்கள். 6 மையங்களில் அபராதம் கொண்டுவந்ததும் தாமதமாக வருகிறவர்கள் கூடினார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குக் குறையவில்லை. ஆசிரியை காத்திருப்பாரே என்ற கூச்சம் போய், காசு கொடுத்து வாங்கும் கூடுதல் நேரமாக அது மாறிவிட்டது. மாலை நேரத்தை உண்மையிலேயே விற்க முடியும் என்றால், பணியாளருக்கான கூடுதல் ஊதியத்தையும் சேர்த்து விலை போட்டு முறையாக விற்கலாம். சின்ன அபராதம் வருமானமும் தராது, நேரத்தையும் காப்பாற்றாது.

சேர்க்கை வேலை திரட்டல் வேலையோடு ஒரே நாளில் தொடங்க வேண்டும். அதற்குக் குழுவில் ஒருவர் தனியாக வேண்டும். நன்கொடைக்குப் பொறுப்பானவரே இதையும் பார்த்தால் இது பின்னுக்குப் போய்விடும். காத்திருப்போர் பட்டியலில் உள்ள எல்லாரையும் தொலைபேசியில் அழைத்து, இனி இடம் தேவையில்லாதவர்களின் பெயர்களை நீக்குங்கள். விசாரித்தவர்களுக்கு அன்றே பதில், ஒரு வாரத்துக்குள் நேரில் வரச் சொல்லுதல், வந்துபோன இரண்டாம் நாள் மறுபடி ஓர் அழைப்பு. வந்து பார்த்தும் சேராதவர்களிடம் காரணம் கேட்டு எழுதிவைத்தால், பத்துப் பேருக்குள் ஒரு வடிவம் தெரிந்துவிடும்: நேரம் ஒத்துவரவில்லை, அல்லது பாதி நாள் இடம் இல்லை. பாதி நாள் கேட்பவர்களைச் சேர்ப்பதாக இருந்தால், காலையும் மாலையும் சோடியாகச் சேருங்கள். காலை மட்டும் என்று நான்கு பேர் சேர்ந்தால் நான்கு பாதி இடங்கள் மாலையில் காலியாகவே கிடக்கும்.

இதில் அதிகம் பயன்படுத்தப்படாத வழி, பெற்றோர்கள் வேலை பார்க்கும் நிறுவனங்கள். அவர்களிடம் நன்கொடை கேட்பதைவிட, தங்கள் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 3 இடங்களை ஓராண்டுக்கு முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். நன்கொடைக்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும்; முன்பதிவு ஊழியர் நலச் செலவில் போய்விடும். 3 இடம் என்றால் உங்களுக்குத் தேவையான ஏழில் கிட்டத்தட்ட பாதி. ஒப்பந்தத்தில் இடம் காலியாக இருந்தாலும் கட்டணம் உண்டு என்ற வரி இருக்கட்டும்.

இப்போது இலக்கு. முதல் மாதம் 5.6 துண்டு, இரண்டாம் மாதத்திலிருந்து மாதம் ஒரு குழந்தை சேர்ந்தால் 4.7, 3.8, 2.9, 2.0, 1.1, 0.2 என்று இறங்கி, எட்டாம் மாதம் மிச்சத்துக்கு வந்துவிடும். கூட்டினால் 20.3. பாக்கி வசூல் சீராக இரண்டு மாதம் ஆகும் என்று 4. பழைய வாடகை 10. சலுகை ஓராண்டுக்கு 24. மொத்தம் 58.3, இணையத் திரட்டல் தளத்தின் கட்டணமும் சேர்த்து 60 என்று வையுங்கள்.

குழந்தைகள் நினைத்த வேகத்தில் சேராவிட்டால்? இரண்டு மாதத்துக்கு ஒருவர்தான் சேர்கிறார் என்றால் அந்த 20.3 இரண்டு மடங்காகி 40.6 ஆகிவிடும். திட்டத்தில் நிஜமாகவே நடக்கக்கூடிய சறுக்கல் இதுதான், மற்றதெல்லாம் இதைப் பார்க்கச் சிறியது. இந்தக் கூடுதல் 20ஐப் பொதுவில் கேட்க வேண்டாம். வாடகைக் குறைப்பிலும் பாக்கித் தவணையிலும் நிறுவன முன்பதிவிலும் அதைத் தேடுங்கள். அவை கைகூடினால் இரண்டு மடங்குத் தாமதத்தையும் தாங்கலாம்.

60ஐ நூறு பேரிடம் சின்னச் சின்னதாகத் திரட்டிவிடலாம் என்று நினைப்பது இயல்பு. அப்படி வராது. மேலிருந்து பிரித்துப் பாருங்கள்: 12 அலகு தரும் ஒருவர், 6 தரும் இருவர், 3 தரும் நால்வர், 1.5 தரும் எட்டுப் பேர். ஒவ்வொரு படியிலும் 12 வீதம் 48 ஆயிற்று. மீதி 12ஐ, அரை அலகு தரும் 24 பேர் நிரப்புவார்கள். மொத்தம் 39 பேர். ஒரு 'சரி' கிடைக்க மூன்று நான்கு பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்பது நிதி திரட்டுபவர்களின் பழைய கணக்கு. ஆக 120 பெயராவது பட்டியலில் வேண்டும். மேல் மூன்று படிகளுக்கு உரிய 7 பேரைப் பிடிக்க 25 பெயர் வரை எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் யார் போய்க் கேட்பது என்று எழுதுங்கள். கேட்பவர் தெரிந்தவராக இருக்க வேண்டும், முதலில் தானே கொடுத்திருக்கவும் வேண்டும். நிர்வாகக் குழுவில் எல்லாரும் கொடுத்தார்களா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று சொல்ல முடியாத குழு, வெளியில் போகாமல் இருப்பதே நல்லது. தொகை சிறிதாக இருக்கலாம்.

பட்டியலில் முதலில் வர வேண்டியவர்கள் முன்னாள் பெற்றோர்கள். இப்போதைய பெற்றோர்கள் ஏற்கெனவே கட்டணம் கட்டுகிறார்கள், சிறு குழந்தை வைத்திருக்கும் வயதில் கையும் இறுக்கமாக இருக்கும். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பிள்ளையை விட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனவர்கள் இப்போது வசதியாக இருப்பார்கள், அந்த நிம்மதியின் அருமையும் தெரியும். பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டுங்கள். அந்தத் தொடர்பு விவரங்களை இதற்குப் பயன்படுத்தத் தனியுரிமை விதி இடம் தருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து தாத்தா பாட்டிகள். பிறகு அக்கம்பக்கத்து வணிகர்கள், உள்ளாட்சி, சேவைச் சங்கங்கள். அறக்கட்டளை மானியம் பெரும்பாலும் பல மாதம் எடுக்கும். விண்ணப்பியுங்கள், 13 வாரத் தாளில் எழுதாதீர்கள்.

முன்னாள் பெற்றோர் ஒருவருக்கு அனுப்பும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

'வணக்கம். உங்கள் மகன் வளர்ந்த மையத்தில் இப்போது 26 குழந்தைகள் இருக்கிறார்கள். 33 பேர் சேர்ந்துவிட்டால், கட்டணச் சலுகைக்கான நன்கொடை தவிர மற்றதெல்லாம் கட்டணத்திலேயே நடந்துவிடும். அந்த ஏழு இடங்களை எட்டு மாதத்துக்குள் நிரப்பத் திட்டமிட்டு வேலை நடக்கிறது. அதுவரை ஆசிரியைகளின் சம்பளமும் வாடகையும் தடைபடாமல் இருக்க நிதி திரட்டுகிறோம்; நிர்வாகக் குழுவும் சில முன்னாள் பெற்றோர்களும் சேர்ந்து இலக்கில் பாதியைக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் மூன்று மாதக் கட்டணத்துக்குச் சமமான தொகையைத் தர முடியுமா? ஒரே தடவையாகவோ, ஆறு மாதத் தவணையாகவோ தரலாம். வியாழன் மாலை உங்களை அழைக்கிறேன். வரவு செலவுத் தாளை இணைத்திருக்கிறேன்.'

கவனியுங்கள்: தொகை குறிப்பிடப்பட்டிருக்கிறது, எதற்கு என்று இருக்கிறது, எப்போது தேவை தீரும் என்று இருக்கிறது, அடுத்து யார் என்ன செய்வார்கள் என்றும் இருக்கிறது. 'உங்களால் இயன்றதைத் தாருங்கள்' என்று எழுதினால் 3 தரக்கூடியவர் 0.2 அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுவார். வியாழன் அழைக்கிறேன் என்று எழுதிவிட்டு அழைக்காமல் விடுவதும் சாதாரணமாக நடக்கும். பாதிப் பணம் அங்கேதான் நழுவுகிறது.

'பாதி வந்துவிட்டது' என்ற வரி சும்மா அலங்காரமில்லை. சென்ட்ரல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜான் லிஸ்ட்டும் டேவிட் லக்கிங்-ரெய்லியும் நடத்தி 2002இல் வெளியிட்ட சோதனையில், இலக்கில் 10 சதவீதம் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று எழுதிய கடிதங்களைவிட, 67 சதவீதம் இருக்கிறது என்று எழுதிய கடிதங்களுக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு பணம் வந்தது. அதனால் இணையத் திரட்டலைப் பூச்சியத்தில் திறக்காதீர்கள். மேல்படியில் உள்ளவர்களிடம் நேரில் பேசி, பாதிக்கு மேல் வாக்குறுதி வாங்கிய பிறகே பொதுவில் அறிவியுங்கள். எண்ணைக் கூட்டிச் சொல்லும் ஆசை மட்டும் வேண்டாம், நாளைக்குக் கணக்குத் தாளில் அது தெரிந்துவிடும்.

12 அலகு தருபவர் 'மற்றவர்கள் தருவதற்கு ஈடாகத் தருகிறேன்' என்றால் நல்லதுதான். ஒன்றுக்கு ஒன்று போதும். டீன் கார்லனும் ஜான் லிஸ்ட்டும் 2007இல் வெளியிட்ட பெரிய சோதனையில், ஈடுதொகை இருக்கிறது என்றதும் கொடுப்பவர்கள் கூடினார்கள்; அதை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆக்கியதால் மேலும் கூடவில்லை.

இணையத் தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். இலக்கை எட்டினால்தான் பணம் என்பது ஒரு வகை. வந்தவரை எடுத்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. உங்களுக்கு இரண்டாவதே பொருந்தும். ஆனால் இலக்கில் கால்வாசிகூட வராவிட்டால் அந்தப் பணத்தை என்ன செய்வீர்கள் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: திருப்பித் தருவீர்களா, அதே வேலை செய்யும் வேறு மையத்துக்குக் கொடுப்பீர்களா. பெரிய தொகை தர நினைப்பவர் தேடிப் படிப்பது இந்த வரியைத்தான். வங்கிக் கணக்கு மையத்தின் பெயரில் இருக்க வேண்டும், இருவர் கையொப்பத்தோடு. அவசரத்துக்குப் பொருளாளரின் சொந்தக் கணக்கைக் கொடுத்தால் அவருக்கு வரிச் சிக்கல், மையத்துக்குக் கெட்ட பெயர். பதிவுப் பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் தளம் பணத்தை நிறுத்திவைக்கக்கூடும். அடையாளச் சரிபார்ப்பைத் திரட்டல் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். திரட்டல் முடிந்த மறுநாளே பணம் கைக்கு வரும் என்று சம்பளத் தேதியை அதில் கட்டாதீர்கள்.

படங்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். எந்தக் குழந்தையின் முகமும் பெற்றோரின் எழுத்து அனுமதியில்லாமல் போகக் கூடாது. அனுமதி இருந்தாலும் பெயர் வேண்டாம். சலுகையில் படிக்கும் குழந்தை யார் என்று ஊகிக்கக்கூட இடம் இருக்கக் கூடாது. மண்ணில் விளையாடும் கைகள், வரிசையாக மாட்டிய பைகள், காலையில் கதவைத் திறக்கும் ஆசிரியை போதும். பரிதாபப் படம் நன்கொடையைக் கொண்டுவந்தாலும் சேர்க்கையைக் கெடுக்கும். வாடிய முகங்களைப் பார்த்துத் தன் பிள்ளையை அங்கே விட யாருக்கு மனம் வரும்?

கலைநிகழ்ச்சி பற்றிக் கடைசியாகச் சொல்வதே சரி. வாசலில் வசூலான தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு அரங்கம், ஒலிபெருக்கி, அச்சு, சாப்பாடு எல்லாம் கழித்த பிறகு கையில் இரண்டு அலகு நிற்பது வழக்கம். அதற்காகப் பத்துப் பெற்றோர் ஆறு வாரம் மாலைகளைச் செலவிட்டிருப்பார்கள். அதே ஆறு வாரத்தில் 25 பெயர்ப் பட்டியலை முடித்திருக்கலாம். நடத்துவதாக இருந்தால் ஒரு விதி: மொத்தச் செலவும் விளம்பரதாரர்களின் பணத்தில் ஈடாகும் என்று உறுதியான பிறகே நுழைவுச்சீட்டு அச்சடிப்பது. குறித்த தேதிக்குள் ஈடாகவில்லை என்றால் ரத்து. குலுக்கல் பரிசு வைப்பதற்குப் பல இடங்களில் முன் அனுமதி வேண்டும், சில இடங்களில் தடையே உண்டு. நிகழ்ச்சியால் வரும் உண்மையான லாபம் பணமல்ல. 200 பேர் உள்ளே வந்து மையத்தைப் பார்க்கிறார்கள். அவர்களில் சிறு குழந்தை உள்ளவர்களின் பெயரை வாசலிலேயே எழுதி வாங்குங்கள். அப்படிப் பார்த்தால் அரங்கத்தைவிட மையத்தின் முற்றமே நல்ல இடம், வாடகையும் இல்லை.

பொருளாகத் தருகிறோம் என்பவர்களுக்கு, வரவு செலவுத் தாளில் ஏற்கெனவே இருக்கும் பொருள்களின் பட்டியலைக் கொடுங்கள்: சோப்பு, கைதுடைக்கும் காகிதம், கழிப்பறைச் சுத்தத் திரவம், அச்சுக் காகிதம், ஓராண்டுக் கணக்குத் தணிக்கை. பொம்மை மூட்டைகள் வந்து குவிந்தால் அறைதான் நிறையும், துண்டு குறையாது. பழைய பொம்மைகளில் உடைந்த சிறு பாகங்கள் குழந்தைகளின் தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு.

வந்த பணத்தைப் பேரேட்டில் மூன்று பத்தியாக எழுதுங்கள்: சலுகை நிதி, இடைக்கால நடப்புச் செலவு, பழைய பாக்கி. சலுகைக்கென்று கொடுத்ததை வாடகைக்கு எடுத்தால் அது நம்பிக்கை மோசடி. பல இடங்களில் சட்டப்படியும் தவறு. 'நெருக்கடி காரணமாகத் தற்காலிகமாக மாற்றினோம்' என்பது தணிக்கையில் எடுபடாது. வேண்டுகோளிலேயே 'நடப்புச் செலவுக்கு' என்ற சொல்லைப் போட்டு வாங்கினால் இந்தச் சிக்கல் பாதி வராது. சம்பளம் என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். குழந்தைப் பராமரிப்பில் சம்பளம்தான் சேவை, 31.6இல் 21 அதுதான். ரசீது ஒரு வாரத்துக்குள் போக வேண்டும், வரிவிலக்கு எண் இருந்தால் அதோடு.

சலுகைக்கான மாதம் 2 அலகை முதல் ஆண்டுக்குள் சந்தாவாக மாற்ற வேண்டும். மாதம் 0.05 தரும் 40 பேர் இருந்தால் அது முடிந்துவிடும். முதல் திரட்டலில் அரை அலகு தந்த 24 பேரும் 1.5 தந்த எட்டுப் பேரும் இதற்குச் சரியான ஆட்கள். மூன்றாம் மாத அறிக்கையோடு கேளுங்கள், நன்றிக் கடிதத்தோடு அல்ல.

அந்த மூன்றாம் மாத அறிக்கையில் மூன்று எண்கள் போதும்: எத்தனை குழந்தைகள், எவ்வளவு இருப்பு, பாக்கி எவ்வளவு. திட்டப்படி மூன்றாம் மாதம் 28 பேர் இருக்க வேண்டும். 27தான் என்றால் 27 என்றே எழுதி, எந்த அறையில் இடம் நிரம்பவில்லை, யாரைத் தேடுகிறீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள். நன்கொடையாளர்களில் யாருக்காவது அந்த வயதுக் குழந்தையுள்ள உறவினர் இருப்பார். ஆறாம் மாதத்திலும் 28ஐத் தாண்டவில்லை, இருப்பு சிவப்புக் கோட்டை நெருங்குகிறது என்றால், இன்னொரு திரட்டலை அறிவிக்காமல் குழுவைக் கூட்டுங்கள். ஓர் அறையை மூடி 24 பேர் மையமாகச் சுருக்கினால் கணக்கு நேராகுமா, அருகிலுள்ள இன்னொரு மையத்தோடு இணைய முடியுமா என்று அப்போதே பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் கோட்டைத் தொடும் முன்பே மூடும் தேதியை அறிவித்து, முன்பணத்தையும் அறிவிப்புக் காலச் சம்பளத்தையும் முழுதாகக் கொடுத்து, குழந்தைகளுக்கு வேறு இடம் பார்க்கப் பெற்றோருக்கு எட்டு வாரமாவது அவகாசம் கொடுங்கள்.